கொண்டைக்கு எண்ணெய்

பென்னாகரத்தில் பஸ் ஏறும்போது
கோணியில் ஓட்டை போட்டுத்
தலையை மட்டும் வெளியே விட்டிருந்தோம்.
கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டார்.
"கோழிக்கா, கொண்டைக்கா?" என்றார் வேடியப்பன்.
பஸ்ஸே சிரித்தது.
சேவல் மட்டும் என்னை ஒருமாதிரி பார்த்தது.

அஞ்சு பல் கொண்டை.
ஒரு பக்கம் சாய்ந்து கண்ணை மறைக்கும்.
எங்கள் ஊர்ச் சித்திரையில்
ஆத்துப் பாறை வெடிக்கிற மத்தியானத்தில்
அதைத்தான் விசிறியாக வைத்திருந்தது.
கோழிக்கு வேர்வை கிடையாது.
உடம்புச் சூட்டை ரத்தம் தூக்கிக்கொண்டு போய்
கொண்டையில் கொட்டிவிட்டுத் திரும்பும்.
தொட்டுப் பார்த்திருக்கிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் காது மாதிரி இருக்கும்.

அஞ்செட்டி தாண்டி
கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி
தளிக்கு வந்து சேர்ந்தது ஐப்பசிக் கடைசி.
ரோஜாப் பண்ணையில் வேலை.
பாலித்தீன் கூடாரத்துக்குள்
ஒரு டிகிரி மீட்டர் தொங்கும்.
முள் கொஞ்சம் இறங்கினாலும்
"திரையை விடுங்கம்மா, திரையை விடுங்க" என்று
மேஸ்திரி முனிகிருஷ்ணன் ஓடி வருவார்.
மொட்டுக்கு உள்ள மரியாதை அது.
நாங்கள் படுத்த தகரக் கொட்டகையில்
தேங்காயெண்ணெய் பாட்டில்தான் மீட்டர்.
கார்த்திகையில் கஞ்சி.
மார்கழியில் கல்.

புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த ஒரு விடியலில்
சேவல் கூவவில்லை.
கொண்டையின் நுனிகள்
நாவல்பழம் தின்ற நாக்கு போல.
"அறுத்துடலாம் புள்ள" என்றார் வேடியப்பன்.
மிளகு இருக்கிறதா என்றும் கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்து நஞ்சம்மா வந்து பார்த்தாள்.
அவள் கோழிகளுக்குக் கொண்டை இருக்கிறதா என்று
குனிந்து பார்த்தால்தான் தெரியும்.
மூக்குக்கு மேலே மூன்று வரி,
பட்டாணியை நசுக்கி ஒட்டினது மாதிரி.
குளிருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடையாது.
"இஷ்டு தொட்டதா!" என்றாள்,
இவ்வளவு பெருசா என்று.
கொட்டாங்குச்சியில் ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்தாள்.
அது உறையாது.

வலைத்தொப்பிக்குள் சுருட்டிச் சுருட்டி
என் கொண்டை எண்ணெய் கண்டு மாசக்கணக்காச்சு.
ராத்திரி ஒன்பது மணிக்கு
ரோஜா முள் கிழித்த விரலால்
சேவலுக்குத் தலைவாரினேன்.
பிப்ரவரியில்
யார் யாருக்கோ கொடுக்க
லட்சம் பூ வெட்டி அனுப்பிய வாரத்தில்
இரண்டு பல் காய்ந்து தானாக விழுந்தது.
பொறுக்கி வைத்தேன். அப்புறம் எறும்பு.

சித்திரையில் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து.
நஞ்சம்மா கொடுத்த பெட்டையையும் சேர்த்து
ஒரே கோணியில் கீழே இறங்கினோம்.
வளைவுக்கு வளைவு காற்று தடித்தது.
பெட்டை வாயைப் பிளந்து
இறக்கையை அகட்டி
தொண்டையை உடுக்கையாய் அடித்துக்கொண்டது.
உள்ளே எரிகிறது, வெளியே கொட்ட இடமில்லை.
மூன்று பல் சேவல்
பக்கத்தில் சும்மா நின்றது.
அதற்கு இது ஊர்.

அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி
பெட்டையின் காலை முக்கி வைத்தேன்.
மேளம் கொட்ட, பிள்ளை வீறிட,
விருந்துக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க.
சாகவில்லை.
துணி துவைக்கிற கல்லடிச் சேற்றிலேயே
பத்து நாள் கிடந்தது.
பிறகு முட்டை வைத்தது.

பதினொன்றில் ஏழு பொரித்திருக்கிறது.
கட்டைவிரலால் தலையைத் தடவினால்
கடுகளவு சொரசொரப்பு.
பல்லாக எழும்புமா, பட்டாணியாகப் படியுமா,
இப்போதைக்கு அதுகளுக்கே தெரியாது.
ஒன்றாந்தேதிக்கு ஆள் வேணும் என்று
முனிகிருஷ்ணன் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார்.
வேடியப்பன் போனைத் திருப்பி வைத்துவிட்டுக்
கோணியில் இருக்கிற ஓட்டையை
விரலை விட்டுப் பார்க்கிறார்.